எட்டுப் பேரும் தலையாட்டினால்தான்: லாவோஸ் நெருக்கடியில் சீட்டோ, 1959–1962

எதைப் பற்றிய ஆய்வு இது

நேட்டோ, சீட்டோ, சென்டோ என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் பள்ளியில் ஒப்பித்திருப்போம். கம்யூனிசம் பரவாமல் தடுக்க அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகளும் போட்ட மூன்று வேலிகள். முதல் வேலி இன்றும் நிற்கிறது. மூன்றாவது 1979இல் முடிந்தது. நடுவில் உள்ள சீட்டோ, அதாவது தென்கிழக்கு ஆசிய ஒப்பந்த அமைப்பு, 1977 ஜூன் 30 அன்று சத்தமில்லாமல் கலைக்கப்பட்டது. இருந்த காலம் முழுவதும் அது ஒரு கூட்டணியாக எந்தப் போருக்கும் போகவில்லை.

பலவீனமான அமைப்பு, அதனால் போகவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பலவீனம் எந்த இடத்தில் இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அதனிடம் உண்மையிலேயே உதவி எதிர்பார்க்கப்பட்ட ஒரு நேரத்தைப் பார்க்க வேண்டும். லாவோஸ் நெருக்கடிதான் அந்த நேரம். இதில் ஆட்களைவிட அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் முக்கியம். அதனால் பெரும்பாலும் பதவியைச் சொல்லியே போகிறேன்.

பின்னணி

1954 மே 7 அன்று தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வியட்நாமியக் கம்யூனிஸ்டுகளிடம் சரணடைந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்பாடு வந்தது. வியட்நாம் இரண்டாகப் பிரிந்தது. லாவோசும் கம்போடியாவும் தனி நாடுகளாக ஏற்கப்பட்டன. இனி ஓர் அங்குலம்கூட விடக்கூடாது என்று அமெரிக்கா முடிவெடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று மணிலாவில் எட்டு நாடுகள் கையெழுத்திட்டன: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து.

பட்டியலை இன்னொரு முறை படித்தால் ஒன்று உறைக்கும். தென்கிழக்கு ஆசியாவின் பெயரில் அமைந்த கூட்டணியில் தென்கிழக்கு ஆசிய நாடுகள் இரண்டே இரண்டு. அந்த ஏப்ரலில்தான் கொழும்பில் இந்தியா, இலங்கை, பர்மா, இந்தோனேசியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கூடியிருந்தார்கள். அந்த ஐந்தில் மணிலாவுக்குப் போனது பாகிஸ்தான் மட்டுமே. கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்துப் பேசிவந்த இலங்கைப் பிரதமர்கூட இதில் சேரவில்லை.

சேர்ந்த எட்டுப் பேருக்கும் எதிரி ஒன்றா என்றால், அதுவும் இல்லை. பாகிஸ்தானின் மனதில் இருந்தது இந்தியா. அது தெரிந்ததால்தான் அமெரிக்கா, ஆக்கிரமிப்பு என்ற சொல் தன்னைப் பொறுத்தவரை கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்பை மட்டுமே குறிக்கும் என்று ஒப்பந்தத்திலேயே தனிக்குறிப்பு எழுதி வைத்தது. பிரான்ஸ் தோற்று வெளியேறிக்கொண்டிருந்த நாடு. பிரிட்டனுக்கு மலாயாவும் ஹாங்காங்கும் கவலை. வாசலில் ஆபத்து நிற்பதாக உண்மையாகவே நினைத்தது தாய்லாந்து ஒன்றுதான். தேர் வடத்தைப் பிடிக்க எட்டுப் பேர் வந்தாகிவிட்டது. தேர் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் யாரும் பேசி வைக்கவில்லை.

ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு

இந்த நிகழ்வு முழுவதும் இந்த ஒரு பிரிவைச் சுற்றித்தான் ஓடுகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நேட்டோவில் ஓர் உறுப்பினர் மீது தாக்குதல் என்றால் அது எல்லோர் மீதும் நடந்த தாக்குதல். மணிலா ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. அதன் நான்காவது பிரிவின் முதல் உட்பிரிவின்படி, ஆயுதத் தாக்குதல் நடந்தால் அது தன் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து என்று ஒவ்வொரு நாடும் ஏற்கும். தன் அரசியலமைப்பு முறைப்படி அந்தப் பொது ஆபத்தைச் சந்திக்கச் செயல்படும். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் தெரிந்தேதான் இப்படி எழுத வைத்தார். நேட்டோ பாணி வாசகத்தைக் கொண்டுபோனால் போர் தொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று செனட்டில் பழைய சண்டை கிளம்பும் என்பது அவர் கணக்கு. சீட்டோ என்ற பெயரே அவருக்குப் பிடிக்கவில்லை. நேட்டோவைப் போல இதுவும் ஒரு படை என்று மக்கள் நினைத்துவிடுவார்களே என்று மணிலா ஒப்பந்தம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான மான்பாக் என்ற பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். அவர் பயந்தபடிதான் ஆயிற்று.

இரண்டாவது உட்பிரிவு, ஆயுதத் தாக்குதல் அல்லாத மற்ற ஆபத்துகளுக்கு. உள்ளிருந்து கவிழ்ப்பது, கொரில்லாச் சண்டை எல்லாம் இதில் வரும். இதற்கு உறுப்பினர்கள் செய்ய வேண்டியது உடனே கூடிக் கலந்து பேசுவது. அவ்வளவுதான்.

மூன்றாவதில், சம்பந்தப்பட்ட அரசு அழைக்காமலோ சம்மதிக்காமலோ அதன் மண்ணில் எதுவும் செய்யக் கூடாது என்று இருந்தது.

அப்புறம் ஒரு பின்னிணைப்பு. ஜெனீவா உடன்பாட்டின் காரணமாக லாவோஸ், கம்போடியா, தெற்கு வியட்நாம் ஆகியவை கூட்டணியில் சேர முடியாது. ஆனால் அவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு என்று எட்டு நாடுகளும் தாங்களாகவே அறிவித்தன. கம்போடியா 1956இலேயே இந்தக் குடை எனக்கு வேண்டாம் என்றுவிட்டது. லாவோஸ் அந்தக் குடையின் கீழேயே இருந்தது.

முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். சொந்தப் படை கிடையாது. தலைமையகம் பாங்காக்கில்.

1959: முதல் சோதனை

லாவோஸ் கடல் இல்லாத நாடு. அப்போது மக்கள்தொகை சுமார் இருபது லட்சம்தான். ஒரு பக்கம் மேகாங் ஆறு, அக்கரையில் தாய்லாந்து. மறுபக்கம் மலைகளைத் தாண்டினால் வடக்கு வியட்நாம். தாய்லாந்தின் வடகிழக்கில் லாவோ மொழி பேசுபவர்கள், லாவோசின் மொத்த மக்களைவிட அதிகம். ஆற்றுக்கு அக்கரையில் நடப்பது பாங்காக்குக்கு வெளிநாட்டுச் செய்தியாக இல்லாததற்கு இது ஒரு காரணம்.

1957இல் நடுநிலைவாத இளவரசர் ஒருவர், கம்யூனிஸ்டுகளான பதேட் லாவோவையும் சேர்த்துக்கொண்டு கூட்டு அரசு அமைத்தார். அடுத்த ஆண்டே அது கவிழ்ந்தது. 1959 ஜூலையில் வடகிழக்கு மாகாணமான சாம் நூவாவில் சண்டை வெடித்தது. வடக்கு வியட்நாம் படை எல்லை தாண்டிவிட்டது என்று லாவோஸ் அரசு குற்றம் சாட்டியது. குடை விரித்த கூட்டணியை விட்டுவிட்டு, செப்டம்பரில் ஐ.நா.விடம் போய் அவசரப் படை கேட்டது.

பாதுகாப்பு சபை அர்ஜென்டினா, இத்தாலி, ஜப்பான், துனிசியா ஆகிய நான்கு நாடுகளைக் கொண்ட துணைக்குழுவை அனுப்பியது. அது நவம்பரில் தந்த அறிக்கையில், கொரில்லாச் சண்டை நடக்கிறது, ஆனால் வடக்கு வியட்நாமின் முறையான படைகள் எல்லை கடந்ததற்குத் தெளிவான சான்று இல்லை என்று இருந்தது.

சீட்டோவுக்கு இந்த அறிக்கை ஏன் முக்கியம்? படை கடந்திருந்தால் முதல் உட்பிரிவு, செயல்பட வேண்டும். கடக்கவில்லை என்றால் இரண்டாவது, பேச வேண்டும். எது நடந்தது என்று யார் தீர்மானிப்பது என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. வடக்கு வியட்நாமின் உதவி அங்கே இருந்தது என்பதில் இன்று பெரிய சந்தேகம் கிடையாது. ஆனால் சீருடையில், அணிவகுத்து, வரைபடத்தில் அம்புக்குறி போடும்படி அது வரவில்லை. கொரியாவில் 1950இல் வந்ததைப் போல எதிரி வருவான் என்று நினைத்து எழுதிய ஒப்பந்தம் இது. எதிரியோ கொரியாவைப் பார்த்துப் பாடம் படித்திருந்தான்.

கூட்டணியின் ராணுவத் திட்ட அலுவலகம் இதற்குள் ஐந்தாம் திட்டம் என்ற ஒன்றைத் தயாரித்தது. கூட்டுப்படை மேகாங் கரையோர நகரங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லாவோஸ் ராணுவம் மலைக்குப் போய்ச் சண்டை போடும். காகிதத்தில் நல்ல திட்டம்தான். அந்த ராணுவத்தின் முழுச் செலவையும் அமெரிக்காவே கொடுத்துவந்தது என்பதையும், மலைக்குப் போக அதற்கு ஆசை இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல்.

1960 ஆகஸ்ட்: ஒரு கேப்டன் எல்லாவற்றையும் குழப்புகிறார்

1960 ஆகஸ்ட் 9 அன்று, அமைச்சரவை வேறு ஊரில் இருந்த நேரம் பார்த்து, 26 வயதான கோங் லே என்ற பாராசூட் படைக் கேப்டன் தலைநகர் வியன்டியானைக் கைப்பற்றினார். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. லாவோஸ்காரர்கள் லாவோஸ்காரர்களைக் கொல்வது போதும், வெளிநாட்டுக்காரர்கள் போகட்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். நடுநிலைவாத இளவரசர் சுவன்னா பூமா மறுபடி பிரதமரானார்.

தெற்கே சவன்னகேத்தில் வலதுசாரித் தளபதி பூமி நொசவன் போட்டிக்கு நின்றார். அவர் தாய்லாந்துப் பிரதமரின் உறவினர். தாய்லாந்து வியன்டியானுக்குப் பொருள் போகும் வழியை அடைத்தது. அமெரிக்கா தளபதிக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தது. டிசம்பரில் சோவியத் விமானங்கள் மறுபக்கத்துக்குப் பொருள் இறக்கத் தொடங்கின. டிசம்பர் நடுவில் தளபதியின் படை தலைநகரைப் பிடித்தது. கேப்டன் வடக்கே போய் பதேட் லாவோவுடன் கைகோத்து, ஜாடிச் சமவெளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இப்போது சீட்டோவின் முன்னால் ஒரு வினோதமான கேள்வி. ஒப்பந்தப்படி லாவோஸ் அரசு அழைத்தால்தான் போக முடியும். எது லாவோஸ் அரசு? அமெரிக்காவும் தாய்லாந்தும் தளபதியின் பக்கத்தில் அமைந்த புதிய அரசு என்றன. பிரான்சுக்குச் சுவன்னா பூமாதான் நாட்டை ஒன்றாக வைத்திருக்கக்கூடிய ஒரே ஆள். கூட்டணியின் உறுப்பினர்களுக்குள்ளேயே யாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் ஒத்த கருத்து இல்லை.

பிரிட்டனின் நிலை இன்னும் சங்கடம். 1954 ஜெனீவா மாநாட்டுக்குச் சோவியத் யூனியனுடன் சேர்ந்து இணைத்தலைவர் அது. ஒரே வெளியுறவு அமைச்சகம் காலையில் சமரசம் பேசும் நடுவர், மாலையில் ஒரு தரப்பின் கூட்டாளி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

1961 ஜனவரியில் பதவியேற்ற கென்னடிக்கு முந்தைய அதிபர் ஒப்படைத்துப்போன முதல் தலைவலி லாவோஸ். மார்ச் 23 அன்று மூன்று வரைபடங்களை வைத்துக்கொண்டு பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். போர் நிறுத்தம் வேண்டும், நடுநிலையான லாவோஸ் வேண்டும், இல்லையென்றால் நடவடிக்கை என்பது செய்தி. நான்கு நாள் கழித்துப் பாங்காக்கில் சீட்டோ கவுன்சில் கூடியது.

தாய்லாந்து எதிர்பார்த்தது படை. பிரான்ஸ் ஒரு சிப்பாயைக்கூட அனுப்ப மாட்டேன் என்றது. பிரிட்டன் முதலில் பேச்சுவார்த்தை என்றது. மூன்று நாள் பேசி வந்த தீர்மானத்தின் சாரம்: பேச்சுவார்த்தை தோற்று, ஆயுத பலத்தால் லாவோசைப் பிடிக்கும் முயற்சி தொடர்ந்தால், உறுப்பினர்கள் சூழ்நிலைக்கு ஏற்ற நடவடிக்கை எடுக்கத் தயாராக இருக்கிறார்கள். சூழ்நிலைக்கு ஏற்றது எது என்று ஒருமனதாக முடிவெடுப்பதற்குத்தானே அந்தக் கூட்டமே கூட்டப்பட்டது என்று யாராவது கேட்டார்களா தெரியாது. நான் அங்கே இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

பிரான்சைக் கோழை என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மண்ணில் எட்டு ஆண்டு சண்டை போட்டுத் தோற்ற அனுபவம் எட்டுப் பேரில் அதற்கு மட்டுமே இருந்தது. அல்ஜீரியாவில் வேறு ஒரு போர் ஓடிக்கொண்டிருந்தது. மலைநாட்டில் வெளிநாட்டுப் படை இறங்கினால் என்ன ஆகும் என்பது அதற்குப் பட்டறிவு.

ஏப்ரல் 17 அன்று கியூபாவில் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்க ஆதரவுப் படை இறங்கித் தோற்றது. அதற்குப் பிறகு லாவோசில் இறங்கும் துணிச்சல் வாஷிங்டனிலும் குறைந்தது. மே தொடக்கத்தில் போர் நிறுத்தம். மே 16 அன்று ஜெனீவாவில் 14 நாடுகளின் மாநாடு தொடங்கியது. 1954 ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைமையில் இருந்ததால் இந்தியாவும் அந்த மேசையில் இருந்தது.

தாய்லாந்து கொதித்தது. ஆபத்து வந்தால் பிரான்ஸ் ஒரு கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்றால் இந்த ஒப்பந்தம் எதற்கு? வாக்களிப்பு முறையை மாற்ற வேண்டும் என்றது. கூட்டணியை விட்டே போய்விடுவோம் என்றும் பேச்சு கிளம்பியது. அமெரிக்காவுக்கு இது உண்மையான நெருக்கடி. தாய்லாந்து இல்லாத சீட்டோவுக்குத் தலைமையகம்கூட இருக்காது.

விடை 1962 மார்ச் 6 அன்று வாஷிங்டனில் வந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க்கும் தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் தனாட் கோமனும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். கம்யூனிஸ்ட் தாக்குதல் வந்தால் தாய்லாந்துக்கு உதவும் அமெரிக்காவின் கடமை, மற்ற உறுப்பினர்களின் முன்சம்மதத்தைச் சார்ந்ததல்ல. அது கூட்டுக் கடமை மட்டுமல்ல, தனிக் கடமையும்கூட.

புதிய ஒப்பந்தம் கிடையாது. செனட் ஒப்புதல் தேவையில்லை. பழைய நான்காவது பிரிவுக்கு ஒரு புதிய வாசிப்பு, அவ்வளவே. டல்லஸ் செனட்டுக்குப் பயந்து எழுத வைத்த நெகிழ்வான வாசகம் இப்போது நேர் எதிரான வேலைக்குப் பயன்பட்டது. தாய்லாந்தைக் கூட்டணிக்குள் தக்கவைக்க, கூட்டாக முடிவெடுப்பது என்ற கொள்கையைக் கைவிட வேண்டியிருந்தது. இந்த நிகழ்வின் திருப்புமுனை இதுதான் என்று நினைக்கிறேன். பாங்காக் கூட்டம் வெறும் தோல்வி. இது வேறு.

நாம் தாவும் அதன் பிறகும்

இரண்டே மாதத்தில் புதிய வாசிப்புக்குச் சோதனை வந்தது. சுவன்னா பூமாவுடன் கூட்டு அரசு அமைக்கத் தளபதி பூமி இழுத்தடித்தார். பிப்ரவரியிலேயே அமெரிக்கா அவருக்கு மாதம் கொடுத்துவந்த 30 லட்சம் டாலரை நிறுத்தியிருந்தது. அவரோ அமெரிக்க ஆலோசனையை மீறிச் சீன எல்லைக்குப் பக்கத்திலுள்ள நாம் தாவில் படையைக் குவித்தார். மே 6 அன்று அது விழுந்தது. வீரர்கள் ஓடிவந்து மேகாங்கைக் கடந்து தாய்லாந்துக்குள் புகுந்தார்கள்.

மே 15 அன்று தாய்லாந்துக்குப் படை அனுப்புவதாகக் கென்னடி அறிவித்தார். அமெரிக்கக் கடற்படைத் துருப்புகள் உடோன் நகருக்குப் போயின. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சிறிய அளவில் விமானங்களும் ஆட்களும் அனுப்பின. பார்க்க சீட்டோ களமிறங்கியது போலவே இருந்தது. ஆனால் கவுன்சில் கூடி முடிவெடுக்கவில்லை. தாய்லாந்து ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியாக அழைத்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. பிரான்சைக் கேட்க வேண்டிய அவசியமே எழவில்லை. படை ஆற்றைக் கடக்கவும் இல்லை.

பலன் கிடைத்தது. ஜூனில் லாவோசில் மூன்று தரப்பும் சேர்ந்த கூட்டு அரசு அமைந்தது. ஜூலை 23 அன்று ஜெனீவாவில் லாவோசின் நடுநிலைக்கான உடன்பாடு கையெழுத்தானது. அதற்காக லாவோஸ் ஜூலை 9 அன்று வெளியிட்ட நடுநிலை அறிக்கையில், சீட்டோ உட்பட எந்த ராணுவக் கூட்டணியின் பாதுகாப்பையும் ஏற்க மாட்டோம் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருந்தது. அந்த நடுநிலையை மதிப்பதாகக் கையெழுத்திட்டவர்களில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், தாய்லாந்து ஆகிய நான்கும் சீட்டோ நாடுகள். காப்பாற்றப்பட வேண்டிய நாடே குடையை மடக்கித் திருப்பிக் கொடுத்தது.

நடுநிலையும் நிலைக்கவில்லை. அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் 666 பேர் கண்காணிப்புச் சாவடிகள் வழியாக வெளியேறினார்கள். வடக்கு வியட்நாமியர் வெளியேறியதாகப் பதிவானது 40 பேர்தான். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்கா வீசிய குண்டுகள் இருபது லட்சம் டன்னுக்கு மேல். அந்தப் போர் எந்தக் கூட்டணியின் தீர்மானத்திலும் இல்லை. 1961இல் பிரான்ஸ் தடுத்ததால் ஒரு போர் தவிர்ந்தது என்று வாதிடுபவர்கள் இந்த வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டணி மெல்லக் கரைந்தது. வியட்நாம் போருக்கு அமெரிக்கா நான்காவது பிரிவைக் காரணம் காட்டியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் வந்தன. பிரிட்டனும் பிரான்சும் பாகிஸ்தானும் போர்ப்படை அனுப்பவில்லை. இந்தியாவுடனான 1965, 1971 போர்களில் எதிர்பார்த்த உதவி கிடைக்காத பாகிஸ்தான் 1972இல் விலகல் கடிதம் கொடுத்தது. பிரான்ஸ் 1974இல் பணம் கட்டுவதையும் நிறுத்தியது. 1975இல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்த சில மாதங்களில் கலைப்பு முடிவு வந்தது.

ஓர் உபரித் தகவல். இதே கூட்டணி 1959இல் பாங்காக்கில் தொடங்கிய பொறியியல் பட்டமேற்படிப்புப் பள்ளிதான் இன்றைய ஆசிய தொழில்நுட்ப நிறுவனம். 1960இல் டாக்காவில் அமைத்த காலரா ஆய்வகத்தில்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்றும் முறை 1960களின் பிற்பகுதியில் மெய்ப்பிக்கப்பட்டது. ராணுவக் கூட்டணி என்ற வகையில் சாதித்ததைவிட இது எத்தனையோ மடங்கு.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

பெரும்பான்மை வாக்கு முறை வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று தாய்லாந்து நம்பியது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஏழு பேர் கைதூக்கி எட்டாவது நாட்டின் சிப்பாயைப் போருக்கு அனுப்ப முடியாது. ஒருமனது விதி நோயைக் காட்டியதே தவிர நோயை உண்டாக்கவில்லை.

மாற்றியிருக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, கொரில்லாச் சண்டையை எந்தக் கட்டத்தில் தாக்குதலாகக் கொள்வது, அதை யார் நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என்பதற்கு ஒப்பந்தத்திலேயே வழி வைத்திருக்கலாம். அது இல்லாததால் 1959இல் ஐ.நா. துணைக்குழுவின் ஒரு வாக்கியம் கூட்டணியைக் கட்டிப்போட்டது. இன்னொன்று அதைவிடப் பெரியது. லாவோஸ் கையெழுத்திடாத ஒரு காகிதத்தில் அதன் பெயர் எழுதப்பட்டது. பாதுகாப்புத் தருகிறோம் என்று வெளியே அறிவித்த பிறகு தராமல் இருப்பது மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. தரப் போனாலோ, யாருக்குத் தருவது என்று உள்ளே சண்டை. பின்னிணைப்பை எழுதாமலே இருந்திருந்தால் தாய்லாந்தின் எல்லையைக் காப்பது என்ற, எல்லோராலும் ஒப்புக்கொள்ளக்கூடிய சிறிய வேலை மட்டும் மிஞ்சியிருக்கும். 1962 மே மாதம் நடந்தது கடைசியில் அதுதான்.

கலைக்கப்பட்டது அமைப்பு மட்டுமே. மணிலா ஒப்பந்தத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அமெரிக்காவுக்கும் தாய்லாந்துக்கும் இடையிலான பாதுகாப்பு உறவுக்கு இன்றைக்கும் அடிப்படையாகச் சொல்லப்படுபவை அந்த ஒப்பந்தமும், அதற்கு 1962இல் இருவர் மட்டும் சேர்ந்து எழுதிய அந்த விளக்கமும்தான்.